பாவாடை கட்டிய விளக்கு

உங்கள் வீட்டில் மேஜை விளக்கு இருக்கிறதா? அதன் தலையில் கவிழ்த்துவைத்த கூடை மாதிரி ஒரு துணி மூடி இருக்குமே... லேம்ப் ஷேடு என்பார்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

'எத்தனையோ ராஜாக்களும் யுத்தங்களும் வரிசையில் காத்திருக்க, விளக்குக்குப் போடுகிற துணியா சரித்திரம்?' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டே போனால் முகலாயர் காலத்து நெடுஞ்சாலை, திப்பு சுல்தானுடன் நடந்த போர், ரயில் தண்டவாளம் எல்லாவற்றையும் தாண்டி, தருமபுரி மாவட்டத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் போய் நிற்போம். வாருங்கள்!

சென்னையில் நண்பர் ஒருவர் புது ஃபிளாட் வாங்கிக் குடிபோயிருந்தார். பார்க்கப் போனேன். ஹால் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு விளக்கு. அதன் தலையில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு துணி மூடி. இழைக்கு இழை தையல். நடுநடுவே சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள். ஓரத்தில் சோழிகள்.

"எப்படி இருக்கு சார்? லம்பாடிப் பொம்பளைங்க கட்டுற பாவாடையாம். ரொம்பப் பழசு. கடைக்காரரே வெட்டி, கூண்டுக்கு அளவெடுத்து மாட்டிக் கொடுத்துட்டார்" என்றார் நண்பர் பெருமையாக.

"அரூர் சந்தையில பாத்திருக்கேன்" என்றார் சோபாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா. பிறந்த ஊர் அந்தப் பக்கம். எழுபதைத் தாண்டியவர். வேறொன்றும் சொல்லவில்லை.

நண்பர் சுவிட்சைப் போட்டார். பாருங்கள், அங்கேதான் வேடிக்கை! விளக்கு எரிந்தது. ஆனால், ஹாலில் வெளிச்சமே இல்லை. துணி அவ்வளவு கனம். மேல் வட்டம் வழியாகக் கொஞ்சம் கூரைக்கும், கீழ் வட்டம் வழியாகக் கொஞ்சம் தரைக்கும் போனதோடு சரி. பகலில் மின்னிய கண்ணாடிகள் எல்லாம் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. அழகான தையலும் இருட்டில் ஒரே கறையாகிவிட்டது.

நண்பர் அசடு வழிந்தார். "பல்பை மாத்தணுமோ?"

மாற்ற வேண்டியது பல்பை அல்ல. வெயில் தன் மேல் விழ வேண்டும் என்பதற்காகத் தைத்த துணி அது. அதன் முதுகுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் என்ன செய்யும், பாவம்!

உண்மையில், விளக்குக்கு வெளியே துணி போடுவது என்பதே நமக்குப் புதுப் பழக்கம். நம் ஊரிலும் விளக்குக்குத் துணி உண்டுதான். ஆனால் வெளியே அல்ல, உள்ளே! பழைய வேட்டியைக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டினால் திரி ரெடி. அகல் விளக்கின் வெளிச்சம் எட்டுவதே நாலு முழம். அதைப் போய் யாராவது மூடுவார்களா? விளக்கை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டும்போது பெண்கள் முந்தானையை வளைத்துப் பிடிப்பார்கள். நமக்குத் தெரிந்த ஒரே லேம்ப் ஷேடு அதுதான். அதுவும் கண்ணைக் காப்பாற்ற அல்ல... சுடரைக் காப்பாற்ற!

அப்புறம் ஒரு விநோதம் நடந்தது. ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் அவுயர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். சின்னத் துணிப்பையை சில உலோக உப்புகளின் கரைசலில் நனைத்து, காயவைத்து, எரியும் வாயுவின் மேல் மாட்டினார். நூல் எரிந்து போய்விட்டது. ஆனால், நூலின் வடிவத்திலேயே ஒரு சாம்பல் வலை அப்படியே நின்றது. அது சூடேறி, வெள்ளை வெளேர் என்று ஒளிவிட்டது! 1891-ல் அதையே நன்றாகச் சீர்செய்தார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. நாம் 'மேன்டில்' என்கிறோமே, அது இதுதான். 1910 வாக்கில் பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் என்பவர் இதே மேன்டிலை மண்ணெண்ணெய் விளக்கில் பொருத்தி, தன் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்: பெட்ரோமாக்ஸ்!

இதில் நமக்கும் பங்கு உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆராய்ந்தார். தோரியம் இருந்தது! உடனே கப்பலேறி வந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். உலகத்துக்கே மேன்டில் செய்ய நம் கடற்கரை மணல் போனது.

தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்த தலைமுறைக்கு, அர்ஜுனன் கிரீடம் மின்னியது அந்தச் சாம்பல் துணியின் வெளிச்சத்தில்தான். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், 'இது எப்படிண்ணே எரியும்?' என்ற ஆராய்ச்சியில் செந்தில் அந்த மேன்டிலை உடைப்பாரே... கவுண்டமணிக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா? ஒரு தடவை எரிந்துவிட்ட மேன்டில் துணியே அல்ல. தொட்டால் பொடி!

மின்சார பல்பு வந்த பிறகு நிலைமை தலைகீழ். வெளிச்சம் போதாத காலம் போய், கண் கூசுகிற காலம் வந்தது. மேல்நாட்டில் எண்ணெய் விளக்குக் காலத்திலேயே காகிதம், கண்ணாடி, பட்டு என்று மூடி போடும் வழக்கம் உண்டு. அதை அப்படியே பல்புக்கும் மாட்டினார்கள். ஆக, திரியாக எரிந்து, மேன்டிலாகச் சாம்பலாகி, கடைசியில்தான் துணி எரியாமல் வெளியே வந்து உட்கார்ந்தது.

சரி, வெளியே வந்து உட்காருகிற துணி யாருடையது? இப்போது நண்பரின் பாவாடைக்கு வருவோம்.

வடக்கே பஞ்சாரா, கர்நாடகத்தில் லம்பாணி, ஆந்திராவில் சுகாலி, நம்மிடம் லம்பாடி. ஊருக்கு ஒரு பெயர். 'லவணம்' என்றால் உப்பு, அதைச் சுமந்ததால் லம்பாடி ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. உப்பு மட்டுமா? இந்தியாவின் நகரங்களும் படைகளும் பல நூற்றாண்டுகள் சாப்பிட்ட தானியம், இவர்களின் பொதிமாடுகளின் முதுகில்தான் வந்தது.

1632-ல் ஆக்ராவிலிருந்து பாட்னா போன பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், வழியில் ஒரு பஞ்சாரா கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போனார். எத்தனை மாடுகள் தெரியுமா? 14,000! அத்தனையின் முதுகிலும் தானிய மூட்டை. அதே நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே, எதிரே இவர்கள் கூட்டம் வந்துவிட்டால் முழுவதும் கடந்து முடிய சில சமயம் இரண்டு, மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்து டிராஃபிக் ஜாம்!

வீடு கிடையாது. தண்டா என்கிற கூடாரக் குடியிருப்பு மாடுகளோடு சேர்ந்து நகரும். அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் இந்தத் தையல். 'பேட்டியா' என்கிற கனத்த பாவாடை, 'காஞ்சளி' என்கிற முதுகு திறந்த ரவிக்கை, தலைத் துணி, பணப் பை, மாட்டுக்குப் போடும் அலங்காரத் துணி... எல்லாவற்றிலும் கண்ணாடி, சோழி, காசு, கலர் நூல். ஓடுகிற வாழ்க்கையில் சுவரில் படம் மாட்ட முடியாதல்லவா? மாட்ட வேண்டியதை உடம்பில் மாட்டிக்கொண்டார்கள்.

போர் என்று வந்துவிட்டால் எல்லா ராஜாக்களுக்கும் இவர்கள் வேண்டும். 1791 மே மாதம், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டுப் பின்வாங்கினார். திப்புவின் பீரங்கி மட்டும் காரணமல்ல. இழுக்கிற மாடுகள் செத்து விழுந்தன. சாப்பாடு தீர்ந்தது. இழுத்துப்போக வழியில்லாமல் தன் பெரிய பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பினார்! அடுத்த ஆண்டு திரும்ப வந்தபோது பஞ்சாராக்களின் மாடுகள் தானியத்தோடு படையைத் தொடர்ந்தன. 1792-ல் உடன்படிக்கை. திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறிய பகுதிகளில் ஒன்று பாராமகால். அதாவது, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்!

பாராமகாலைப் பிடிக்க உதவிய மாடுகளுக்குக் கம்பெனி என்ன கைம்மாறு செய்தது? ரயில் விட்டது.

1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில், அடுத்த ஐந்தாறு வருடங்களில் மொரப்பூர், சேலம் வழியாக மேற்குக் கடற்கரையையே தொட்டுவிட்டது. பல ஆயிரம் மாடுகள் பல நாட்கள் சுமந்ததை ஒரு கூட்ஸ் வண்டி ஒரே ராத்திரியில் கொண்டுபோனது. உப்பு வியாபாரம் ஏற்கெனவே அரசாங்கத்தின் பிடிக்குப் போயிருந்தது. பொதிமாட்டுக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் ஊர் ஊராக அலைகிறவர்களைப் பார்த்து அரசாங்கம் பயந்தது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நேற்றுவரை படைக்குச் சோறு போட்டவர்களில் பலர், இன்று போலீஸ் பதிவேட்டில்! சுதந்திர இந்தியா 1952-ல்தான் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது.

அலைந்தவர்கள் கிடைத்த இடத்தில் நின்றார்கள். அப்படி நின்ற இடங்களில் ஒன்று, அரூரைத் தாண்டி, கோட்டப்பட்டியையும் தாண்டி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிற சிட்லிங் பள்ளத்தாக்கு. அங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்களோடு சேர்ந்து லம்பாடிகளின் தண்டாக்களும் உண்டு. மாடு போனது. கூலி வேலை வந்தது. பாவாடை போனது. சேலை வந்தது.

ஏன் போனது என்பதற்குப் பதில், நண்பரின் அம்மாவிடம் இருந்தது. நான் இரண்டாவது முறை போனபோது, காபியை நீட்டியபடி அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு சொல்ல வாய் வரலைப்பா. சந்தைக்கு அவங்க வந்தா நாங்க பசங்க எல்லாம் பின்னாடியே போவோம். பார்க்க இல்ல... கிண்டல் பண்ண. முதுகு தெரியுதுன்னு சிரிப்போம். கண்ணாடியக் காட்டி ஏதாச்சும் சொல்லிக் கத்துவோம். அவங்க திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. அப்புறம் ஒரு வருஷம் பாத்தா, வயசானவங்க மட்டும்தான் அந்தத் துணில வராங்க. புள்ளைங்க எல்லாம் எங்கள மாதிரியே பாவாடை சட்டை. 'பரவால்லையே, திருந்திட்டாங்களே'ன்னு எங்க வீட்ல பேசிக்கிட்டாங்க."

சட்டம் போட்ட வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது, இல்லையா? ஒரு துணி அலமாரியை விட்டுப் போவதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. சந்தையில் நாலு பிள்ளைகள் சிரித்தால் போதும்.

அணியாத துணியை யார் தைப்பார்கள்? சிட்லிங்கில் இரண்டு தலைமுறைப் பெண்கள் ஊசியைத் தொடவே இல்லை. வயதான ஒரு சிலரின் விரல்களில் மட்டும் அந்தத் தையல் மிச்சமிருந்தது. அவர்களும் போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

முடியவில்லை! 1993-ல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, ஒரு குடிசையில் மருத்துவமனையை ஆரம்பித்தார்கள். பழங்குடி மக்களுக்கான அந்த மருத்துவ முயற்சி பிறகு விவசாயம், கைத்தொழில் என்று கிளை விட்டது. லம்பாடிப் பெண்களின் தையல் டாக்டர் லலிதாவின் கண்ணில் பட்டது. தெரிந்த மூத்த பெண்கள் தெரியாத இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-களில் அது ஒரு அமைப்பாகவே வளர்ந்தது. பெயர், 'போர்கை'. லம்பாடி மொழியில் 'பெருமிதம்' என்று அர்த்தம். எதற்காகச் சிரித்தோமோ, அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்!

இன்று அங்கே அறுபது பெண்கள் வரை தைக்கிறார்கள். தலையணை உறை, பை, குர்தா, வீட்டு அலங்காரத் துணிகள் என்று நகரங்களுக்குப் போகிறது. கூலிக்கு வெளியூர் போகாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே வருமானம். கர்நாடகத்தில் சண்டூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2023-ல் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது, அங்கே 1,755 லம்பாணித் தையல் பொருட்களைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனையும் செய்தார்கள்.

இப்போது யோசியுங்கள். பழைய பாவாடை ஒன்றை வெட்டி விளக்குக்குப் போட்டால், உலகத்தில் ஒரு பாவாடை குறைகிறது. அதைத் தைத்தவள் யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது. அவள் குடும்பத்துக்குப் போன பைசா எவ்வளவு என்பதும் தெரியாது. அதுவே, இன்று தைக்கிற ஒரு பெண்ணிடம் கையளவு புதுத் தையல் வாங்கினால், அவள் நாளைக்கும் ஊசியை எடுப்பாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். 'பழசுதானே ஒரிஜினல்?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பழசு என்பது ஒரு பொருள், தையல் தெரிந்த கை என்பது ஒரு கடை வீதி. பொருளை வெட்டலாம், விற்கலாம்... தீர்ந்துபோகும். கை இருக்கும்வரை தீராது.

இதை நண்பரிடம் சொன்னேன். "அப்ப விளக்குக்கு என்ன போடுறது?" என்றார். அம்மாதான் பதில் சொன்னார்: "நானே தைக்கிறேன். எடுப்பா அந்தக் கத்தரிய!"

நீங்களும் செய்யலாம், ரொம்ப சுலபம். பழைய துணியைப் பக்குவமாகப் பிரித்து எடுத்தால் உள்ளே கம்பிக் கூண்டு இருக்கும். மேலும் கீழும் ஒரே அகலமென்றால் கணக்கு எளிது. விட்டத்தை 3.14-ஆல் பெருக்குங்கள். 25 சென்டிமீட்டர் கூண்டு என்றால் சுற்றளவு 78.5. தையலுக்கு இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து எண்பது, எண்பத்தொன்று என்று வெட்டலாம். மேலே குறுகி, கீழே அகன்ற கூண்டா? செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கூண்டைப் படுக்கவைத்து ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். உருளும்போதே மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தால், விசிறி மாதிரி ஒரு வளைவு கிடைக்கும். அதுதான் அளவு. சதுரமாக வெட்டினால் நிச்சயம் சுருங்கும்.

துணி? வெள்ளைக் காடா அல்லது மெல்லிய கதர். வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னாடி சுருங்கும். கம்பியில் முதலில் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொண்டால், துணியை அதோடு சேர்த்துக் கையாலேயே தைக்கலாம். துரு துணியில் ஏறாது. நைலான், பாலியஸ்டர் வேண்டாம், சூட்டுக்கு ஆகாது. பழைய குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் சூடாகத்தான் போகும். அதனால் எல்.இ.டி பல்பே போடுங்கள். அப்படியும் பல்புக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

தையல் வேலைப்பாடு வேண்டுமென்றால், கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு பட்டையாகப் போதும். கண்ணாடி வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்... விளக்கு எரியும்போது துணியின் பின்பக்கமும் வெளியே தெரியும். எங்கே முடிச்சு, எங்கே நூல் தாவியது எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்!

அம்மாவுக்கு இரண்டு மத்தியானங்கள் பிடித்தன. ஊசியில் நூல் கோர்க்க மட்டும் பேத்தியைக் கூப்பிட்டார். கீழ் ஓரத்துக்கு இன்று தைக்கிற லம்பாடிப் பெண்களிடமிருந்து வரவழைத்த பட்டை, இரண்டு விரல் அகலத்தில். மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை.

பழைய பாவாடைத் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே? அதைப் பிரித்து, ஆணி அடிக்காமல், ஒரு மரக் கம்பியில் தொங்கவிட்டு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். நண்பர் சுவிட்சைப் போட்டார். காடாத் துணி வழியாக வெளிச்சம் பால் மாதிரி ஹால் முழுக்கப் பரவியது. எதிர்ச் சுவரில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் எழுந்து வந்தன. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தையில இப்படித்தான் மின்னும்" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.